வாட்ஸ் வாத்தியார்களுக்கு

மக்களே, சைக்கிள் ரேஸ் பேச்சை எடுத்தாலே "எத்தனை வாட்ஸ் போடுறான்?"னு கேட்க ஒரு கூட்டம் இருக்கு. இன்னொரு கூட்டம், "டிராக்கா ரோடா, ஏதாவது ஒண்ணை உருப்படியாப் பண்ணச் சொல்லு" என்று நாட்டாமை பண்ணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: மார்க் கேவண்டிஷ்.

1985-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர். ஸ்கூல் முடிச்சு ரெண்டு வருஷம் பேங்க் வேலை. அப்புறம்தான் பிரிட்டிஷ் அகாடமி. ஆய்வகத்துச் சைக்கிளில் ஏத்தி மிதிக்கச் சொன்னா, நம்பர் சுமார் ரகம். அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தா பையன் திரும்பவும் பேங்க் கவுண்டர்லதான் உட்கார்ந்திருப்பார். நல்லவேளை, ராட் எல்லிங்வொர்த் என்ற கோச் தாளைப் பார்க்காம ஆளைப் பார்த்தார்.

அந்த மெஷின் எதை அளக்கலை தெரியுமா? கூட்டமா உரசிக்கிட்டுப் பறக்கும்போது யார் சக்கரத்தை ஒட்டிப் போகணும், எந்த நொடியில் வெளியே பாயணும்ங்கிற புத்தியை. மூக்கு ஹேண்டில்பாரில் இடிக்கிற மாதிரி குனிஞ்சு ஓட்டுவார், எதிர்க்காத்து கம்மி. தன்னைவிட பலசாலிகளைக் குறைஞ்ச வாட்ஸ்லயே முந்தினது அப்படித்தான்.

இந்தப் புத்தியைத் தீட்டினது டிராக்தான் சாமி! அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, மிதிக்காம சும்மா உருளவும் முடியாது. மேடிசன் ரேஸில் கையைப் பிடிச்சு ஜோடியை முன்னால வீசி விடணும். அதுல 2005-ல் ராப் ஹேல்ஸோட உலக சாம்பியன், வயசு 19. 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஸ்க்ராட்ச் தங்கம். 2007-ல் டி-மொபைல் அணியில் முதல் தொழில்முறை சீசன்: 11 வெற்றி, பெட்டாக்கியின் சாதனைக்குச் சமம். அந்த வருஷ டூர்ல மட்டும் விழுந்து எழுந்து 8-வது ஸ்டேஜோட சரி. "அப்பவே சொன்னோம்ல"ன்னு கிளம்பினவங்க, 2008 ஜூலையில் டூரில் 4 ஸ்டேஜ் ஜெயிச்சப்ப எங்க போனாங்களோ!

உடனே பெய்ஜிங்கை இழுப்பீங்க. ஆமா, 2008 ஒலிம்பிக் மேடிசனில் 9-வது இடம். அந்த பிரிட்டிஷ் டிராக் அணியில் பதக்கமில்லாம திரும்பின ஒரே ஆள். ஆனா ஜோடி விக்கின்ஸ் அதே வாரத்துல ரெண்டு தங்கத்துக்கு மிதிச்சுட்டு வந்தவர். கேவண்டிஷோ இந்த ரேஸுக்காகவே டூரை 14 ஸ்டேஜோட விட்டுட்டு வந்தவர். இதே ஜோடி அஞ்சு மாசம் முன்னாடி மான்செஸ்டரில் உலகப் பட்டம் வாங்கியதை மட்டும் வசதியா மறந்துடுவீங்க.

2024-ல், 39 வயசுல, 35-வது டூர் ஸ்டேஜை ஜெயிச்சு எடி மெர்க்ஸின் 34-ஐத் தாண்டினார். அந்தப் பழைய ஆய்வகத் தாளை யாராவது பத்திரமா வச்சிருக்கீங்களா? :-)