கந்தலைத் தரம் பிரிப்பவரும் தொழிலாளிதான்

சாலைக் கடைத்தெருவில் சோபா தைக்கும் நம் உறுப்பினர் ஒருவர், சென்ற மாதம் வலியசாலையில் நடந்த கூட்டத்துக்கு ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்தார். பழைய கம்பளியைக் கிழித்து, மீண்டும் நூற்று நெய்த துணியாம். சுற்றுச்சூழலைக் காக்கும் சரக்கு என்று சீட்டு ஒட்டியிருந்தது. விலையைக் கேட்டதும் நம் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கந்தலுக்கா இந்த விலை?

சிரிப்பு நியாயம்தான். ஆனால் அந்த விலைக்குள் யாருடைய கைகள் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டாமா?

இது புதுத் தொழில் அல்ல. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பேட்லி என்ற ஊரில், 1813இல் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பஞ்சாக்கி, புதுக் கம்பளி கலந்து நூற்றார். இன்று நம் நாட்டில் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர் அரியானாவின் பானிப்பட்டு. பணக்கார நாடுகள் கழித்துப் போட்ட கோட்டும் ஸ்வெட்டரும் காண்ட்லா துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. அங்கே பெரும்பாலும் மலிவுப் போர்வை நெய்கிறார்கள். சோபாத் துணிக்கும் முறை அதேதான். கிழிபட்ட இழை குட்டை என்பதால், உராய்வு தாங்க நைலானோ புதுக் கம்பளியோ சேர்ப்பார்கள்.

நம் அரிவாள்மணை போல நிமிர்ந்து நிற்கும் கத்தியின் முன் பெண்கள் உட்கார்ந்து பொத்தான், ஜிப், உள்துணி எல்லாவற்றையும் அறுத்து நீக்குகிறார்கள். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம் என்று குவிக்கிறார்கள். தொழிலின் உயிரே இதில்தான் இருக்கிறது. நிறம் சரியாகப் பிரிந்தால் மறுபடி சாயம் போட வேண்டாம். சாயத்துக்கு வேண்டிய தண்ணீரும் மிச்சம். சீட்டில் பெருமையாக அச்சடித்திருப்பது இந்தப் பெண்கள் செய்துகொடுத்த மிச்சத்தை. அவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

கந்தலைக் கிழிக்கும் இயந்திரத்துக்கு யார்க்ஷயரில் வைத்த பெயர் 'பிசாசு'. அது கக்கும் தூசி 'பிசாசுத் தூசி'. அதைச் சுவாசித்து வந்த காய்ச்சலுக்கும் தனிப் பெயர் உண்டு. பெயர் வைத்து இத்தனை காலமாகியும், தூசிக்கு மருந்து முகத்தில் கட்டிய துணிதான்!

பானிப்பட்டு தூரம் என்று நினைக்கிறீர்களா? இந்நகரில் வீடு வீடாக ஆக்ரி எடுத்து, துணி வேறு, காகிதம் வேறு என்று பிரிக்கும் நம் குடும்பங்கள் செய்வதும் அதே வேலைதான். 'பாண்டி' என்ற ஏச்சும் கூடவே கிடைக்கிறது. 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர்களைத்தான் கண்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் தானாக வந்தவரையும் சேர்த்தது. ஆனால் அவர் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருக்க வேண்டும். தள்ளுவண்டி எந்த நிறுவனம்?

ஆகவே நாமே கணக்கெடுக்கிறோம். ஞாயிறு மாலை ஆக்ரி வண்டி தள்ளுவோர், மூட்டை பிரிப்போர், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பெயர் கொடுங்கள். இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதையும் சேர்த்துத்தான் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதப் போகிறோம்.