பெயர் பின்னால் போனால் தோல்வியா?

தேவிகாபுரத்தில் தறி நெய்கிற ஓர் அம்மாள், கூலி பாக்கிக்காகப் பட்டு வியாபாரி மீது முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில மாதம் கழித்து மேல் கோர்ட்டு நோட்டீஸ் வருகிறது. முதலில் வியாபாரியின் பெயர்; அதற்குக் கீழே எதிர்க்கட்சியாக அம்மாளின் பெயர்! "ஜெயித்தவள் நான். என் மேலேயே கேஸா?" என்று வீடே கலங்கிப் போகும், இல்லையா?

கலங்க வேண்டாம். முதல் கோர்ட்டில் வழக்குப் போட்டவர் வாதி. அவர் பெயர் முன்னால். தீர்ப்புப் பிடிக்காமல் மேலே போகிறவர் அப்பீல்தாரர். அங்கே அவர் பெயர் முன்னால். கதவைத் தட்டியவர் பெயர் முதலில் வருகிறது, அவ்வளவுதான்! 'அப்பீல்தாரர் - பிரதிவாதி' என்று பெயரோடு சேர்த்தும் போடுவார்கள். அதைப் பார்த்தால் ஆதி வழக்கில் யார் எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும்.

பிரசித்தி பெற்ற வழக்கிலும் இப்படி நடந்திருக்கிறது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை சர்க்காரின் உத்தரவை எதிர்த்து, 1950-ல் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி ஹைகோர்ட்டில் மனுப் போட்டு ஜெயித்தார். சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கின் பெயர் 'சென்னை ராஜ்யம் எதிர் செண்பகம் துரைராஜன்' என்று திரும்பிக் கொண்டது. 1951 ஏப்ரல் 9-ல் வந்த தீர்ப்பில் யார் பக்கம் ஜெயித்தது தெரியுமா? பின்னால் இருந்த பெயர்தான்! அதன் பிறகு அதே வருஷத்தில் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் கொண்டு வந்தார்கள்.

ஆனால், 'ஜெயித்தாயிற்றே' என்று நோட்டீசைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நீங்களோ உங்கள் வக்கீலோ ஆஜராகாவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேளாமலே அப்பீலை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். கைக்கு வந்த வெற்றி கை நழுவிப் போகும்.

இன்னொன்று: அப்பீல் போட்டதனாலேயே பழைய தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவு இருந்தால்தான் நிற்கும். அதுவரை பாக்கியை வசூலிக்க மனுப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

ஆகவே, நோட்டீஸ் வந்தால் பெயர் மேலேயா கீழேயா என்று பார்த்து மனம் கலங்காதீர்கள். வாய்தா என்றைக்கு என்று முதலில் பாருங்கள்!