கேரம் போர்டுக்கு எதற்குப் பூட்டு?

மும்பையில் பொழுதுபோக்கு என்றாலே கட்டணம்தான். பிள்ளை ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள வேண்டுமா? ஸ்கேட்ஸ், ஹெல்மெட், முழங்கால் கவசம், மாதக் கட்டணம். மகாராஷ்டிராவின் உயரமான சிகரமான களசுபாய் (1,646 மீட்டர்) ஏற வேண்டுமா? வெள்ளிக்கிழமை இரவு பஸ், வழிகாட்டி, காலையில் போஹா, எல்லாம் சேர்த்து ஒரு பாக்கேஜ். இதையெல்லாம் குறை சொல்லவில்லை. நானும் போய் வந்தவன்தான் (இறங்கும்போது முட்டி பட்ட பாடு தனிக்கதை :-)). ஆனால் கையில் காசில்லாதவனும் ஆடக்கூடிய கேரமையும் பூட்டி வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

தாணே பக்கம் நாங்கள் இருக்கும் சொசைட்டியில் தரைத்தளத்தில் ஒரு அறை. உள்ளே இரண்டு கேரம் போர்டு. போன பொதுக்குழுவில் அதைப் பூட்டி சாவியை செயலாளரிடம் கொடுத்துவிட்டார்கள். சொன்ன காரணங்கள் மூன்று. சத்தம். காய் தொலைகிறது. 'வெளி ஆட்கள்' வருகிறார்கள்.

யார் அந்த வெளி ஆட்கள்? வாட்ச்மேனின் பையன். மூன்றாம் மாடியில் சமையல் செய்யும் அம்மாவின் மகள். இஸ்திரிக்காரரின் தம்பி. இதே கட்டடத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இருக்கிறவர்கள். நம் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறோம், கேரம் அறைச் சாவி என்றால் மட்டும் அவர்கள் வெளி ஆட்களா?

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. ஒரு போர்டு மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம், நாலு பேர். வருஷத்துக்கு 2,920 ஆள்-மணி. முதல் வருஷத்திலேயே ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய்தான் ஆகிறது. பத்து வருஷம் உழைத்தால் பத்துப் பைசா. பவுடர் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைவிட மலிவான பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள்.

பூட்டி வைத்தால்? வங்கியில் இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு எதுவும் செய்யாத கணக்கை செயல்படாத கணக்கு என்போம். சேமிப்புக் கணக்கென்றால் அதற்காவது வட்டி ஏறும். பூட்டின அறையில் கிடக்கும் கேரம் போர்டு மும்பை மழைக்கால ஈரத்தில் வளைந்துதான் போகும்.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கிளையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் கேரம் நடக்கும். நம் ஊரில் ரெட்டுக்கு ஃபாலோ போட வேண்டும், இங்கே ராணிக்கு கவர். காய்க்கு மராத்தியில் சோங்கட்டி. இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டினேன். கேபினில் மேனேஜர் முன்னால் நின்றுகொண்டே பேசும் பியூன், அந்த மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவரைத் தோற்கடிப்பார். மேனேஜரும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்குவார். வேறு எந்த மேஜையில் இது நடக்கும்?

இந்த விளையாட்டில் பெரிய ஆளானவர்களையும் கொஞ்சம் பாருங்கள். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே நம் சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2018-ல் வந்த 'வட சென்னை' படத்தில் தனுஷை கேரம் ஆட்டக்காரராகக் காட்டியதும் சும்மா இல்லை, அந்தத் தெருக்களில் அது அவ்வளவு சகஜம். இந்த ஊரிலும் சந்து சந்தாக ஆடுகிறார்கள். நம் வாட்ச்மேன் பையன் சாம்பியன் ஆவான் என்று சொல்ல வரவில்லை. ஆகாவிட்டால்தான் என்ன? சாயங்காலம் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து ஆடினான் என்றாலே போதும். நம் பிள்ளைகளுக்கும் அது நல்லது. நாளைக்கு ஆபீசில் யாரோடு எப்படிப் பழகுவது என்று எந்தக் கோச்சிங் கிளாஸும் சொல்லித் தராது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பந்தயம் கட்டி ஆட ஆரம்பித்தால் தகராறு வரும். கேரம் மேஜையில் காசு புரளும் இடங்கள் இருப்பது நிஜம்தான். அதற்கு ஒரு போர்டு எழுதி மாட்டலாம், பெரியவர் ஒருவர் முறை வைத்து உட்காரலாம். சொசைட்டியில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் பொழுது போகாமல் கேட்டருகே நிற்கிறார்கள்! சத்தத்துக்கு இரவு ஒன்பது மணிக்கு அறையை அடைத்தால் தீர்ந்தது.

காய் தொலைவதற்கு மருந்து இன்னும் சுலபம். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, ஒரு ஸ்ட்ரைக்கர். மொத்தம் இருபது உருப்படி. ஒரு நோட்டில் எழுதி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டியதுதான். எங்கள் கேஷியர் தினமும் லட்சக்கணக்கில் எண்ணி ஒப்படைக்கிறார். முன்னூறு குடும்பம் சேர்ந்து இருபது உருப்படியை எண்ண முடியாதா என்ன?

அடுத்த பொதுக்குழுவில் இதைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். சாவி வாட்ச்மேனிடம், நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை, இந்தக் கட்டடத்தில் வாழ்கிற, வேலை செய்கிற எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அனுமதி. கையெழுத்து இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு அறை இருக்கும். திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.