இஞ்சி துணைக்கு வரட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்



போன மாசம் பெஸ்தாரி ஜெயா பக்கம் கீமோ எடுக்கிற ஒரு அக்கா வீட்டுக்கு அன்னதானச் சாப்பாடு கொண்டு போனோம். சாம்பார் சாதம். மூடியைத் திறந்ததுமே வாயைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. தப்பு எங்களுடையது. பக்கத்தில் இருந்தவங்க, "வாந்தி மாத்திரையை விடு, இஞ்சிச்சாறு குடி" என்று ஆரம்பிச்சிட்டாங்க.

இஞ்சி நல்லதுதான். அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தினம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி கேப்சூல் எடுத்தவங்களுக்குக் கீமோ போட்ட முதல் நாள் குமட்டல் குறைஞ்சது. ஆனா அவங்க எல்லாருமே வாந்தி மருந்தும் சேர்த்துத்தான் எடுத்தாங்க. இதை யாரும் சொல்றதில்லை. ரத்தத் தட்டணு குறைஞ்சவங்க டாக்டரைக் கேட்காம இஞ்சி மருந்து எடுக்கவே கூடாது.

வைத்தியம் சொல்றதைவிட வாசத்தைக் குறைக்கிறதுதான் பெரிய உதவி என்பது எங்க கருத்து. தாளிப்பு, சம்பல், சாம்பிராணி கொஞ்ச நாள் வேண்டாம். ஆறின கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி கொடுங்க. சாப்பிட்டதும் படுக்க விடாதீங்க. ஆடி விரதம்னு பட்டினி போடாதீங்க, வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். அம்மன் கோவிச்சுக்க மாட்டாள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூடத் தங்கலைன்னா கைவைத்தியம் பார்க்காதீங்க, உடனே ஆசுபத்திரிக்குப் போங்க.

இனி எங்க அன்னதானத்தில் தாளிக்காத கஞ்சி தனியா எடுத்து வைக்கிறோம். வேணும்னா தயங்காம சொல்லுங்க, ஆற வச்சே கொண்டு வர்றோம்.