மாலை யாருக்கு?

"மிஷன் வந்தால் மொழி செத்தது" என்கிறார்கள் சிலர். "மிஷன்தான் மொழியைக் காப்பாற்றியது" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே அரைகுறை!

மெக்சிகோவின் சொனோரா கடற்கரையில் செரி மீனவர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜெசூட் பாதிரியார்கள் இந்தக் கடலோடிகளை விவசாயிகளாக்கப் பார்த்தார்கள். 1750 வாக்கில் மிஷனைச் சுற்றியிருந்த அவர்கள் நிலத்தை ராணுவத்துக்காகப் பிடுங்கினார்கள். எதிர்த்த குடும்பங்களின் பெண்களை நாடு கடத்தினார்கள். அப்புறம் யார் கோயிலுக்கு வருவார்கள்?

1951-ல் எட்வர்ட், மேரி மோசர் தம்பதி எல் தெசெம்போக்கே கிராமத்துக்கு வந்தார்கள். அவர்களும் மதம் பரப்ப வந்தவர்கள்தான். ஆனால் உட்கார்ந்து மொழி கற்றார்கள். 1982-ல் செரி மொழியில் புதிய ஏற்பாடு, 2005-ல் பெரிய அகராதி. நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சொற்கள் யாருடையவை? படகிலும் அடுப்படியிலும் பிள்ளைகளிடம் செரி பேசியவர்களுடையவை! அகராதி எழுதிவைத்தது, காப்பாற்றியது அவர்கள் நாக்கு. மாலையை அவர்களுக்குப் போடுங்கள் ஐயா!