ஆறுதல் சொல்லும் அதிகாரம்

நோயாளியைப் பார்க்கச் செல்வோரிடம் உபதேசத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இராது. ஆரஞ்சுப் பழம் இரண்டு கொண்டு போகிறவர்கள் உபதேசம் இருபது கொண்டு போவார்கள். "ஆண்டவன் மேல் பாரத்தைப் போடுங்கள், எல்லாம் சரியாய்விடும்" என்று சொல்லிவிட்டுச் சௌக்கியமாக வீடு திரும்புவார்கள். படுத்திருப்பவருக்கோ, பழம் ஜீரணமானாலும் உபதேசம் ஜீரணமாவதில்லை.

இதனை அனுபவத்தில் உணர்ந்து எழுதியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867-ல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1895-ல் இந்தியா வந்தார். பிறகு தாய்நாடு திரும்பவேயில்லை. திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு இரையாகவிருந்த பெண் குழந்தைகளையும் திக்கற்ற சிறுவர்களையும் நூற்றுக்கணக்கில் வளர்த்தார்.

1931-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி காலையில், தம்முடைய ஊழியம் சிறக்க எது உதவுமோ அதைத் தமக்குச் செய்தருளும்படி அவர் ஆண்டவனை வேண்டிக்கொண்டாராம். அன்று மாலையே, களக்காட்டில் வைத்தியசாலைக்கென்று அமர்த்தியிருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின், 1951 ஜனவரியில் காலமாகும் வரையில், ஏறக்குறைய இருபது வருஷம், அறையும் படுக்கையுமே பெரும்பாலும் அவருக்கு உலகமாயின.

நம்பியதற்கு இதுவா பலன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கிறிஸ்தவ வேதம் இக்கேள்வியை ஒளித்து வைக்கவில்லை. பவுல் அப்போஸ்தலர் தம் சரீரத்தில் தைத்த முள் நீங்கவேண்டுமென்று மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபையே கிடைத்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுபிரானே துன்பப் பாத்திரம் தம்மை விட்டு அகலவேண்டுமென்று வேண்டினார், அதுவும் அகலவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் வினவியபோது, இரண்டுமல்ல என்றே அவர் விடை பகர்ந்தார். ஆகவே, குணமடையாதவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்று தீர்ப்புக் கூற எவருக்கும் அதிகாரமில்லை. விசுவாசமென்பது சுகத்துக்குக் கொடுக்கும் விலையன்று. சுகம் கிட்டாத போதும் பற்றிய கையை விடாதிருப்பதே விசுவாசம்.

அம்மையார் படுக்கையிலிருந்தபடியே நூல்கள் பல எழுதினார். அவற்றுள் ஒன்று 1933-ல் வெளியான 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. முட்செடியில் பூத்த ரோஜா என்று பொருள் கொள்ளலாம். திடகாத்திரர்கள் நோயாளிகளுக்கென்று எழுதியவை தமக்கு உதவவில்லையென்று கண்டே, நோயாளியாகிய அவர் நோயாளிகளுக்காக அதை எழுதினார். வலி இல்லையென்று அவர் பாசாங்கு செய்யவில்லை. வலியின் நடுவிலும் தமக்கு வேலை உண்டென்று நம்பினார்; அவ்வளவுதான்.

அப்படியானால் திடகாத்திரர்களாகிய நாம் செய்யக்கூடியது யாது? யோபுவின் சிநேகிதர்கள் துயருற்ற அவரருகில் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களென்று வேதம் கூறுகிறது. அதுவரையில் அவர்கள் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். எட்டாம் நாள் உபதேசிக்கத் தொடங்கிய பின்னரே வினை வந்தது.

அடுத்த முறை ஆரஞ்சுப் பழத்துடன் புறப்படும்போது, அந்த ஏழு நாட்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.