சீட்டில் எழுதியது வேதவாக்கா?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலுள்ள நமது தொழிலாளத் தோழர்களுக்குக் காய்ச்சலோ, ஆறாத புண்ணோ, மார்ச்சளியோ வந்தால் அவர்கள் போகிற இடம் சர்க்கார் ஆஸ்பத்திரிதான். 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர் வாங்கி, பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆன இடத்துக்கு வடசென்னை ஏழை மக்கள் எத்தனை தலைமுறையாக நடந்திருக்கிறார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் எழுதப்படும் ஆண்டிபயாடிக் மருந்தின் அளவு அவரவர் உடம்புக்கு ஏற்றதுதானா என்று இரண்டாவது தடவை பார்க்க வேண்டியவர் யார் என்பதே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம்.

“டாக்டர் பார்த்துத்தானே எழுதுகிறார்?” என்று சிலர் கேட்கலாம். நாம் டாக்டர்கள் மீது துவேஷம் கொண்டு எழுதுவதாக யாரும் கருத வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சீட்டு எழுதுகிற எந்த மனிதனுடைய கையும் தவறத்தான் செய்யும். அதிலும் அமிக்கேசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளுக்கு ஆளுக்கு ஆள் அளவு வேறு. எடை, வயது, சிறுநீரகத்தின் சக்தி ஆகிய மூன்றையும் பார்த்தே கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காக்ராப்ட், கால்ட் என்ற இருவர் 1976-ல் வெளியிட்ட கணக்கு இது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, இரத்தத்திலுள்ள கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுப்பது. பெண்ணானால் அதில் நூற்றுக்கு 85 எடுத்துக் கொள்வது. 70 வயதுள்ள, 45 கிலோ எடையுள்ள ஓர் அம்மாளுக்குக் கிரியேட்டினின் 1.2 என்று பரிசோதனைச் சீட்டில் வருகிறது. பார்ப்பவர் “பெரிதாக ஒன்றுமில்லை” என்று வைத்துவிடுவார். கணக்குப் போட்டாலோ நிமிஷத்துக்கு 31 மில்லிதான் வருகிறது. திடகாத்திரமான வாலிபருக்கு 100-க்கு மேல் இருக்கும். அதாவது அந்த அம்மாளின் சிறுநீரகம் மூன்றிலொரு பங்கு வேலைதான் செய்கிறது! துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இளைஞருக்குக் கொடுக்கிறபடியே அவருக்கும் அமிக்கேசின் ஊசியைத் தினம் போட்டால் காது செவிடாகும், இருக்கிற சிறுநீரகமும் கெடும். பிறகு “அவர் தலைவிதி” என்று சொல்லிவிடுவார்கள். விதி எங்கிருந்து வந்தது? போடாத கணக்கிலிருந்து வந்தது.

அளவு குறைந்தாலும் ஆபத்துதான். குறைந்த அளவில் பென்சிலின் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று அதைக் கண்டுபிடித்த பிளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு வாங்கின இடத்தில் எச்சரித்தார். இன்று மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு கடைசியாகப் போடும் கோலிஸ்டினைப் பாருங்கள். 10 லட்சம் யூனிட் என்பது உப்பாகக் கணக்கிட்டால் சுமார் 80 மில்லிகிராம். அதில் அடங்கிய மூலமருந்தாகக் கணக்கிட்டால் சுமார் 33 மில்லிகிராம். ஒருவர் ஒரு கணக்கில் எழுதி, மற்றொருவர் வேறு கணக்கில் கலக்கினால் கதி என்ன?

நிற்க, இதைப் பார்க்கவென்றே படித்தவர் மருந்தாளுநர். 2008-லிருந்து ஆறு வருஷப் படிப்பான பார்ம்.டி. நம் நாட்டில் இருக்கிறது. சீட்டைப் பரிசீலித்து, நோயாளிக்குப் பொருத்தமா என்று பார்க்க வேண்டுமென 2015-ஆம் வருஷத்து விதிகளும் சொல்லுகின்றன. ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பதென்ன? அவரை ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தி மாத்திரை எண்ண விட்டிருக்கிறோம். வார்டில் போடும் ஊசிக்கு மொத்தமாக மருந்து அனுப்புவதோடு அவர் காரியம் முடிந்தது. யாருக்கு, எவ்வளவு என்பது அவர் கண்ணில் படுவதேயில்லை. தப்பித்தவறிக் கேட்டாலும் “நீ யார் கேட்க?” என்பதே பதில். மேலே இருப்பவர் எழுதியதைக் கீழே இருப்பவர் கேட்கக் கூடாதென்ற இந்தப் புத்தி மருந்து சாஸ்திரத்திலிருந்து வந்ததல்ல என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும்.

இது ஏழை நாட்டில் ஆகாத காரியம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. காசநோயாளி ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை, 1956-ல் சென்னையில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் 1959-ல் உலகத்துக்குக் காட்டிற்று. இன்று அந்த நோய்க்குக் கூட்டு மாத்திரையை எடை பார்த்தே கொடுக்கிறார்கள். 25 முதல் 34 கிலோ வரை 2, 49 வரை 3, 64 வரை 4. தராசும் அட்டவணையும் இருந்தால் போதும். தவறு நடந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். ஒரு நோய்க்கு முடிந்தது மற்றவற்றுக்கு ஏன் முடியாது?

கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பது மெய்தான். எல்லாச் சீட்டையும் பார்க்கச் சொல்லவில்லை. படுக்கையிலுள்ள குழந்தைகள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், மேற்சொன்ன கடுமையான மருந்து பெறுகிறவர்கள் ஆகிய இவர்களை மட்டும் முதலில் பார்க்கட்டும். சீட்டில் எடையும் கிரியேட்டினினும் இல்லாவிட்டால் டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கும் அதிகாரம் மருந்தாளுநருக்கு வேண்டும். உயிர் ஆபத்தான நிலையில் முதல் ஊசியை இதற்காகத் தாமதிக்கக் கூடாது. அடுத்த ஊசிக்குள் கணக்குப் போட்டால் போதும். 48 மணி முதல் 72 மணிக்குள் இன்னொரு தரம் பார்த்து, மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா, அளவைத் திருத்துவதா என்று கேட்க வேண்டும். கேட்ட கேள்வியும் வந்த பதிலும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரித் தலைவர் மாதம் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும். ஒரு மாதம் முழுதும் நோட்டு வெறுமையாக இருந்தால் “தவறே இல்லை” என்று அவர் சந்தோஷப்படாமல், யாராவது பார்த்தார்களா என்று விசாரிக்க வேண்டும்.

தோழர்களும் சும்மா இருக்க வேண்டாம். தாயையோ பிள்ளையையோ ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எடை பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.